நன்றாகத் தொடங்கிக் கடைசியில் கவிழ்ந்த சீசன் என்றால் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? ஏன் அப்படி நடந்தது?

எனக்கு 2015-16, மொன்றியல் கனேடியன்ஸ், ஐஸ் ஹொக்கி. கேள்வி கேட்டவர் கிரிக்கெற்றை எதிர்பார்த்திருப்பார். இலங்கை அணி தந்த வயிற்றெரிச்சலை எழுத இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் இதை எழுதுகிறேன்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு மரக்கறி வெட்டினேன், பிறகு அடுப்படிக்கு ஏறினேன். குளிர்காலத்தில் இரவு ஏழு மணியானால் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த றேடியோவில் பிரெஞ்சில் ஹொக்கி வர்ணனை ஓடும். பெரிய சமையல்காரர் கியூபெக்காரர். கனேடியன்ஸ் கோல் போட்டால் அகப்பையால் சட்டியில் மூன்று தரம் அடிப்பார், எதிரணி போட்டால் என்னைத் திட்டுவார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி சமையலறைச் சொல், மிச்சம் ஹொக்கிச் சொல். கெட்ட வார்த்தைகள் இரண்டுக்கும் பொது.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: என்.எச்.எல். என்ற லீக்கில் அப்போது ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம். வென்றால் 2 புள்ளி, மேலதிக நேரத்தில் தோற்றால் 1. கிழக்கில் எட்டு அணி, மேற்கில் எட்டு அணி பிளேஓஃப் என்ற கடைசிச் சுற்றுகளுக்குப் போகும், அங்கே வென்றால்தான் ஸ்ரான்லி கிண்ணம். கனேடியன்ஸ் அதை 24 தரம் வென்ற அணி. கடைசியாக வென்றது 1993இல். இந்த நகரத்தில் நாற்பது வயதுக்காரர் எல்லாரும் அந்தக் கதையைச் சொல்லுவார்கள், அவர்களின் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

2015இல் அந்தக் கொட்டாவி நின்றது. காரணம் கேரி பிறைஸ் என்ற கோல்காப்பாளர். முந்திய சீசனில் 44 ஆட்டம் வென்று, சிறந்த கோல்காப்பாளருக்கான வெசினா விருதையும், லீக்கிலேயே சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதையும் சேர்த்துத் தூக்கியவர். கோல்காப்பாளருக்கு ஹார்ட் கிடைப்பது அபூர்வம். அவர் பாய்ந்து விழுந்து பிடிக்கிற ஆளில்லை. பக், அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கிற றப்பர் வட்டு, எங்கே வரப்போகிறதோ அங்கே முதலே போய் நின்றுகொண்டிருப்பார். பார்க்கிறவனுக்கு இது லேசான வேலை போலிருக்கும்.

ஒக்டோபர் 7, முதல் ஆட்டம் ரொறொன்ரோவில், 3-1 வெற்றி. ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சான் ரொறொன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸ் பைத்தியம். மைக் பாப்கொக் என்ற பெரிய பயிற்றுநரைக் காசைக் கொட்டிக் கொண்டுவந்திருக்கிறோம் என்று அந்தக் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவன் அன்றிரவு தொலைபேசியை எடுக்கவேயில்லை. பிறகு பொஸ்ரன், ஒட்டாவா, பிற்ஸ்பேர்க், நியூயோர்க், டிட்ரொயிற், சென் லூயிஸ், பஃபலோ. ஒக்டோபர் 24, ஒன்பதாவது ஆட்டம் திரும்பவும் ரொறொன்ரோவுடன், 5-3. ஒன்பதுக்கு ஒன்பது. 1909இல் தொடங்கிய அணியின் சரித்திரத்தில் அப்படி ஒரு தொடக்கம் இருந்ததே இல்லை. வெதுப்பகத்தில், மெத்ரோவில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற இடத்தில், எங்கும் இதே கதைதான். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு காலிலும் தலையணையை என் சாரத்தால் கட்டிக்கொண்டு நடைபாதைக் கதவுக்கு முன்னால் நிற்பான். நான் ரெனிஸ் பந்தை அடிக்க வேண்டும். அவன்தான் பிறைஸ். வேறு யாராக இருக்கவும் சம்மதிக்க மாட்டான்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு அண்ணை. எண்பதுகளில் வந்தவர், எல்லாம் பார்த்தவர். படியில் கண்டபோது சொன்னார்:

"தம்பி, ஐப்பசி மழையைப் பாத்திட்டு சித்திரையிலயும் கிணறு நிறைஞ்சிருக்கும் எண்டு நினைக்காத."

எரிச்சலாக இருந்தது. அடுத்த ஆட்டம் வன்கூவரில் 5-1 தோல்வி. அதற்கடுத்தது எட்மன்ரனில், மூன்று கோல் முன்னுக்கு நின்று 4-3 என்று கோட்டைவிட்டார்கள். அந்த ஆட்டத்தோடு பிறைஸுக்கும் ஏதோ காயம் என்றார்கள்.

இங்கேதான் பலர் பிழையாக நினைவு வைத்திருக்கிறார்கள். பிறைஸ் போனார், அணி விழுந்தது என்று. அப்படி உடனே விழவில்லை. அவர் இல்லாத அடுத்த ஒன்பது ஆட்டத்தில் பாதிக்கு மேல் வென்றார்கள். நின்றவர் மைக் கொண்டன், வருடாவருடம் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்கிற டிராஃப்றில் எந்த அணியும் எடுக்காத பெடியன், அந்த சீசனுக்கு முன் இந்த லீக்கில் ஆடியதே இல்லை. நவம்பர் 20இல் பிறைஸ் திரும்பி வந்தார். 22ஆம் திகதி, பக்கைத் தடுக்கப்போய் பிறென்டன் கலகரின் இரண்டு விரல் முறிந்தது. ஆள் கட்டை, ஆனால் எதிரணிக் கோலின் வாசலில் போய் நின்று அடி வாங்கியே கோல் போடுகிறவர். மூன்று நாள் கழித்து நியூயோர்க்கில் ஆட்டத்தின் நடுவே பிறைஸ் உள்ளே போனார், திரும்பி வரவில்லை. அன்றைக்கு 5-1 என்று வென்றோம். வென்ற இரவு ஒரு சமையலறை அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் கண்டதில்லை. சமையல்காரர் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு றேடியோவையே பார்த்தபடி நின்றார். வெங்காயம் கருகியது.

வலது முழங்கால் தசைநார். குறைந்தது ஆறு கிழமை என்றார்கள். அந்த ஆறு கிழமை கழிய இன்னும் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் ஏப்ரலில், இந்த சீசனுக்கு வரமாட்டார் என்று சொன்னபோது சொல்லத் தேவையே இருக்கவில்லை. மொத்தம் 12 ஆட்டம் ஆடி 10 வென்றிருந்தார்.

டிசெம்பர் 1 அன்று கணக்கு இப்படி: 26 ஆட்டம், 19 வெற்றி. மிச்சமிருந்த 56 ஆட்டத்திலும் சேர்த்து வென்றது அதே 19தான். இதைவிட வடிவாக ஒரு சரிவை எண்ணில் எழுத முடியாது.

ஏன்? என் கணக்கைச் சொல்கிறேன். அடிக்கிற நூறு பக்கில் பிறைஸ் அந்த வருடம் 93க்கு மேல் தடுத்தார். கொண்டன் 90 தடுத்தார். மூன்றுதானே என்று தோன்றும். ஆட்டத்துக்கு முப்பது அடி வருமென்றால் அந்த மூன்று, கிட்டத்தட்ட ஆட்டத்துக்கு ஒரு கோல். ஹொக்கியில் நிறைய இரவு அந்த ஒரு கோலில்தான் போகும். கொண்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முதல் வருடம் வந்த பெடியனை 55 ஆட்டத்தில் இறக்கினால் அவன் என்னதான் செய்வான்? பிழை அந்த வீட்டைக் கட்டினவர்களில். ஒரு தூணில் முழுக் கூரையையும் ஏற்றிவிட்டு, அந்தத் தூணின் முழங்கால் நோகாது என்று நம்பினார்கள். முகாமையாளர் மார்க் பேர்ஜவன் இன்னொரு கோல்காப்பாளரைத் தேடி எடுத்தது டிசெம்பர் 28இல். அதுவும் எட்மன்ரன் தன் இரண்டாம் தர அணிக்கு அனுப்பிவிட்டிருந்த பென் ஸ்கிறிவென்ஸை. வீடு எரிந்து முடிய வாளி வாங்கப் போன மாதிரி.

கோல்காப்பாளர் மட்டுமில்லை. முன்னால் நின்றவர்களும் கோல் போட மறந்துவிட்டார்கள். புதுத் தலைவர் மக்ஸ் பசியோரெற்றி 30 கோல் போட்டார், அது அவர் கடமை. கோல் அடிப்பார் என்று கொண்டுவந்த ரஷ்யக்காரர் அலெக்ஸாண்டர் செமின் 15 ஆட்டத்தில் ஒரேயொரு கோல் போட்டுவிட்டு டிசெம்பரிலேயே மூட்டை கட்டினார்.

நடுவில் ஒரு நல்ல நாளும் இருந்தது, மறைக்கக்கூடாது. 2016 புதுவருடத்தன்று பொஸ்ரனுக்குப் பக்கத்தில் திறந்த வெளி மைதானத்தில், 67,000 பேருக்கு முன்னால், பொஸ்ரனை 5-1 என்று அடித்தார்கள். கலகர் திரும்பியிருந்தார். கொண்டன் அந்த மாநிலத்துப் பெடியன், ஊர்ச்சனத்துக்கு முன்னால் நின்று தடுத்தார். பொங்கலுக்குப் புக்கை வைக்கும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றைக்கு நான் மச்சானிடம் சொன்னேன். சரியாகவில்லை. பொங்கலன்று அணிக்கு வந்தது ஜோன் ஸ்கொற், சண்டைக்கென்றே அறியப்பட்ட ஆறடி எட்டங்குல மனிதர். ரசிகர்கள் பகிடிக்கு வாக்குப் போட்டு, லீக்கின் நட்சத்திரங்கள் ஆடுகிற ஓல்-ஸ்ரார் ஆட்டத்தில் அவரை ஒரு அணிக்குத் தலைவராக்கியிருந்தார்கள். எங்கள் அணி அவரை வாங்கி நேரே நியூபவுண்லாந்தில் இருந்த தன் இரண்டாம் தர அணிக்கு அனுப்பிவிட்டது. அந்த மனிதர் அதே ஓல்-ஸ்ரார் ஆட்டத்துக்குப் போய் இரண்டு கோல் போட்டு, சிறந்த வீரர் விருதும் வாங்கினார். அந்தக் குளிர்காலத்தில் கனேடியன்ஸ் சம்பந்தப்பட்ட ஒருவர் தோளில் தூக்கப்பட்டது அங்கே மட்டும்தான்.

நான் பிழை விட்டது நவம்பரில். அணி உச்சத்தில் இருந்தபோது மார்ச் 10 ஆட்டத்துக்கு, பஃபலோவுடன், இரண்டு ரிக்கெற் வாங்கினேன். இரண்டு நாள் சம்பளம். மகனுக்குப் பிறைஸைக் காட்ட. மார்ச் வந்தபோது பிறைஸ் இல்லை, பிளேஓஃபும் இல்லை. பிறைஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை, சுபான் இருக்கிறார்தானே என்றான் மகன்.

பி.கே. சுபானைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா ஜமேக்காவிலிருந்து சிறுவயதில் சட்பரிக்கு வந்து, அங்கே கனேடியன்ஸ் ரசிகரானவர். மகன் அதே அணிக்கு ஆடினார். எங்களைப் போல வந்தேறிகளுக்கு அந்தக் கதை வேறு மாதிரி இனிக்கும். சீசனுக்கு முன்னால் மொன்றியல் சிறுவர் வைத்தியசாலைக்கு ஏழு வருடத்தில் 10 மில்லியன் டொலர் சேர்த்துத் தருவதாகச் சொன்னவர். ஆனால் பயிற்றுநர் மிஷேல் தெரியனுக்கு அவரோடு ஒத்துவரவில்லை. பெப்ரவரியில் கொலராடோவுடன் தோற்ற அன்று, சுபான் தனியாக ஏதோ செய்யப்போனதுதான் காரணம் என்று பத்திரிகைக்காரருக்கு முன்னாலேயே சொன்னார். டிசெம்பரிலிருந்து தோற்றுக்கொண்டிருக்கிற அணிக்கு ஒரு இரவில் ஒரு ஆள் காரணமாம்! எனக்கு அன்றோடு தெரியனில் இருந்த மரியாதை போயிற்று.

மார்ச் 10. பார்க் நிலையத்தில் நீலக் கோடு, ஜோன்-தலோனில் மாறிச் செம்மஞ்சள் கோடு. பெல் சென்ரரில் கூரைக்குக் கீழே கடைசிக்கு முன் வரிசை. அவ்வளவு உயரத்திலிருந்து ஆட்கள் எறும்பு மாதிரி, ஆனால் பனியில் சப்பாத்துக் கத்தி கிழிக்கிற சத்தம் அங்கேவரை வரும். ரீவியில் அது கேட்காது. கடைசிப் பகுதியில் எங்கள் ஆளான எமலினுடனேயே சுபான் மோதுப்பட்டார். விழுந்தவர் எழும்பவில்லை. இருபதாயிரம் பேர் இருக்கிற இடத்தில் யாரோ ஒரு குழந்தை இருமியது எனக்குக் கேட்டது. ஸ்ரெச்சர் வந்தது. கழுத்துக்கு அணை கட்டி, மெல்ல மெல்லத் தூக்கி வைத்தார்கள். சனம் எழுந்து கைதட்டியது. மகன் தட்டவில்லை. என் ஜக்கெற்றின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, அவர் செத்துப்போனாரோ?"

"இல்லையடா, கையை அசைக்கிறார் பார்," என்றேன். நான் ஒன்றும் காணவில்லை.

பாரதூரமான காயமில்லை என்று பிறகு செய்தி வந்தது. ஆனால் அந்த சீசனில் அவர் பிறகு ஆடவில்லை. கனேடியன்ஸுக்காகவும் ஆடவில்லை, ஏனென்றால் ஜூன் 29இல் அவரை நாஷ்விலுக்குக் கொடுத்து ஷே வெபரை எடுத்தார்கள். வெபர் நல்ல வீரர், பிறகு தலைவராகவும் இருந்தார். மகனுக்கு அதை விளங்கப்படுத்த இரண்டு வருடம் பிடித்தது.

முடிவு: 38 வெற்றி, 38 தோல்வி, மேலதிக நேரத் தோல்வி 6. 82 புள்ளி, கிழக்கில் பதின்மூன்றாம் இடம். அந்த வருடம் கனடாவின் ஏழு அணியில் ஒன்றுகூடப் பிளேஓஃபுக்குப் போகவில்லை, 1970க்குப் பிறகு முதல் தரம். மச்சானின் லீஃப்ஸ் லீக்கிலேயே கடைசி. ஆனால் கடைசியாய் வந்தவர்களுக்குச் சீட்டுக் குலுக்கலிலும் அதிர்ஷ்டம் அடித்து, டிராஃப்றில் முதல் இடம் கிடைத்து ஒஸ்ரன் மத்தியூஸ் வந்தார். தோற்பதையும் ஒழுங்காகத் தோற்க வேண்டும் என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். எங்களுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம், மிக்கயில் செர்காச்சோவ். அவரையும் அடுத்த வருடமே தம்பா பேக்குக் கொடுத்தார்கள். 2021இல் நாங்கள் இறுதிப்போட்டி வரை போனபோது எதிரில் நின்று கிண்ணத்தைத் தூக்கிய அணியில் அவர் இருந்தார். சரி, அந்தப் பாழாய்ப்போன பெப்ரவரியில் சத்தமில்லாமல் சிகாகோவிலிருந்து வாங்கிய பிலிப் தனோ என்ற பெடியன்தான் 2021இல் எதிரணிப் பெரிய ஆட்களைக் கட்டிப்போட்டு எங்களை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2016 இலையுதிர்காலத்தில் பிறைஸ் சுகமாகித் திரும்பினார். அணிக்கு முதல் 15 ஆட்டத்தில் 13 வெற்றி. சமையல்காரர் அகப்பையை எடுத்தார். நான் றேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேன். அந்த முறை தெரியனைப் பெப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள், பிளேஓஃபுக்குப் போய் முதல் சுற்றிலேயே நியூயோர்க்கிடம் தோற்றார்கள். அதை எழுத வேறு கேள்வி யாராவது கேட்க வேண்டும்.