வெட்டிவேர் எண்ணெயில் புகை வாசனை வந்தால் கலப்படமா?

கேள்வி: சொந்தமாக பெர்ஃப்யூம் செய்து பார்க்கலாம் என்று 10 மில்லி வெட்டிவேர் எண்ணெய் வாங்கினேன். திறந்தால் கருகல் வாடை. வீட்டுப் பானைத் தண்ணீரில் வரும் மணம் இதில் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். பானைத் தண்ணீரில் வேரின் மணம் கொஞ்சமாகத்தான் இறங்கும். எண்ணெய் அப்படியல்ல. பல மணி நேரம் நீராவியில் வேகவைத்து வடிப்பதால் மண், மரம், பச்சை வேர் எல்லாம் அதில் திரண்டிருக்கும்.

புகை வாடைக்கு ஜாவா எண்ணெய் பேர்போனது. அழுத்தம் கூட்டி வேகமாக வடிப்பது அதற்கு ஒரு காரணம். ஹைட்டி எண்ணெய் தெளிவான மர மணம், லேசாக பம்பளிமாஸ் சாயலோடு இருக்கும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் பகுதியில் செப்புப் பாத்திரத்தில் வடிக்கும் 'ரூ கஸ்' என்ற வெட்டிவேர் எண்ணெய் பச்சை நிறத்தில் வரும், விலையும் அதிகம். நீங்கள் தேடும் பானை மணத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான். ஆகவே, எந்த ஊர் எண்ணெய் என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள். (பிரான்ஸின் கெர்லான் நிறுவனம் தன் பெர்ஃப்யூமுக்கு வைத்த 'வெட்டிவேர்' என்ற பெயர் நம் தமிழ்ச் சொல். எனக்கு அதில் இன்றும் பெருமை உண்டு.)

கலப்படச் சந்தேகம் இருந்தால் ஒரு துளியைக் காகிதப் பட்டையில் விட்டு மறுநாள் முகர்ந்து பாருங்கள். வெட்டிவேர் கனமான எண்ணெய், மெதுவாகத்தான் ஆவியாகும். சாயங்காலத்துக்குள் மணம் காணாமல் போனால் சரக்கு சரியில்லை. மணம் நின்றாலும் அது நல்ல அறிகுறி மட்டுமே. உறுதியாகத் தெரிய, அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (batch) ஜிசி-எம்எஸ் பரிசோதனை அறிக்கையை, அதாவது எண்ணெயில் என்னென்ன சேர்மங்கள் உள்ளன என்று காட்டும் ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, இருக்கும் எண்ணெயை என்ன செய்வது? 1 மில்லி எண்ணெயை 9 மில்லி பெர்ஃப்யூம் ஆல்கஹாலில் கரைத்து, இருட்டான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். சானிடைசர், சர்ஜிகல் ஸ்பிரிட் எல்லாம் வேண்டாம், அவற்றின் வாடையே முந்தும். முழுச்செறிவில் முகரும்போது முகத்தில் அடிக்கிற புகை, இந்த அளவில் பெரும்பாலும் பின்வாங்கிவிடும். பிறகு அதில் பெர்கமாட் (எலுமிச்சை வகைப் பழம்) அல்லது எலுமிச்சை எண்ணெயைத் துளித்துளியாகச் சேர்த்து முகர்ந்து பாருங்கள். புளிப்பு மணம் சீக்கிரம் பறந்துவிடும், வெட்டிவேர் அடியில் தங்கி நிற்கும். உடம்பில் பூசும் முன் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். பிழிந்து எடுத்த பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய் கலந்திருந்தால், பூசிய இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தோல் கருத்துப் புண்ணாகிவிடலாம்.