சென்னையா, கும்பகோணமா? வாசகர் கேள்வி - பதில்

எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. குரோம்பேட்டையில் சொந்த வீடு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டுக் கும்பகோணத்தில் கோயில் பக்கமாகக் குடியேறிவிடலாம் என்கிறார் மனைவி. செய்யலாமா?
– குரோம்பேட்டை வாசகர்

தாராளமாகப் போங்கள். ஆனால் வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். குரோம்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் கும்பகோணத்தில் ஒரு வீடு பிடித்து முழுதாக ஒரு வருடம் இருந்து பாருங்கள். ஆடியில் காவிரியிலும் அரசலாற்றிலும் தண்ணீர் ஓடும்போது பார்த்தால் அந்த ஊரை யாருக்கும் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும், சித்திரை வெயிலையும், ஒரு குருப்பெயர்ச்சிக் கூட்டத்தையும் பார்த்த பிறகு முடிவெடுப்பதுதான் சரி.

உங்களைப் பொறுத்தவரை முதல் கேள்வி மருத்துவம். வீடு தேடுவதற்கு முன்பே ஒரு நாள் போய் இதை விசாரியுங்கள். மருத்துவமனை வாசலில் "இங்கே ஹார்ட் டாக்டர் உண்டா?" என்று கேட்டால் உண்டு என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு. கேத் லேப் (ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்கும் அறை) இருக்கிறதா? அது ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையும் இயங்குமா? இதய மருத்துவர் உள்ளூரிலேயே தங்குகிறாரா, வாரத்தில் சில நாள் வந்துபோகிறவரா? மாரடைப்பு வந்தவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடிந்தால் அதுதான் நல்லது. முடியாது என்று தெரிந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது முறை. அந்த ஊசியை எங்கே போடுவார்கள் என்பது உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தஞ்சாவூரில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பக்கவாதத்துக்கான ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் ராத்திரியில் ஸ்கேன் எடுக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீடு பிடிக்கும்போதும் இதை மனதில் வையுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள சந்துகள் சிலவற்றில் 108 ஆம்புலன்ஸ் நுழையாது. தெருமுனை வரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவர வேண்டியிருக்கும். தேரோட்டத்தன்று தேர் ஓடும் வீதியிலும் வண்டி விடமாட்டார்கள். கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில், இரண்டு பக்கமும் வழியுள்ள தெருவாகப் பாருங்கள்.

மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் முகவரியை மாற்றும் முன் பாலிசியைப் படியுங்கள். சில நிறுவனங்கள் ஊர் வாரியாக மண்டலம் பிரித்துப் பிரீமியம் வாங்குகின்றன. சிறிய ஊர் மண்டலத்துக்கு மாறினால் பிரீமியம் குறையும். ஆனால் பிறகு சென்னையில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம்.

வருடம் முடிந்து விற்பது என்று தீர்மானித்தால் வரிக் கணக்கு இது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், எது குறைவோ அதைக் கட்டலாம். விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு வரி இல்லை. லாபம் 2 கோடிக்குள் இருந்தால், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, இரண்டு வீடு வாங்கியும் இந்தச் சலுகையைப் பெறலாம். தாம்பரம் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட், கும்பகோணத்தில் ஒரு வீடு என்று பிரித்துக்கொள்ள இது நல்ல வழி. பிள்ளைகள் வந்து இறங்கவும், நீங்கள் பரிசோதனைக்குப் போய்வரவும் சென்னையில் ஒரு சாவி இருப்பது பெரிய பலம்.

பெரிய கோயில் ஒன்றின் சன்னதித் தெருவில் பழைய வீடு விலைக்கு வருகிறது. 16 அடி அகலம், 120 அடி நீளம். "மனை கோயிலுடையது, கட்டடம் மட்டும் நம்முடையது. இங்கே பாதித் தெரு அப்படித்தான்" என்கிறார் தரகர். வாங்கலாமா?
– அம்பத்தூர் வாசகி

வேண்டாம் அம்மா. தரகர் பொய் சொல்லவில்லை. கோயில் மனையிலும் மடத்து மனையிலும் வீடு கட்டி, அடிமனை வாடகை செலுத்தித் தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் டெல்டா ஊர்களில் ஏராளம். அவர்கள் இருப்பது வேறு, புதிதாக நீங்கள் பணம் போட்டு உள்ளே போவது வேறு.

1959-ஆம் வருட அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பிவிடுவார். அதனால் இந்த மாதிரி வீடுகள் வெறும் ஒப்பந்தத்தாளிலோ, கட்டடத்துக்கு மட்டும் எழுதிய பத்திரத்திலோ கைமாறுகின்றன. வங்கி கடன் தராது. கோயில் நிர்வாகம் உங்களை வாடகைதாரராக ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விற்றவர் வைத்த வாடகைப் பாக்கி உங்களிடம் வந்து நிற்கும். வாடகையை உயர்த்தி நிர்ணயித்தால் பழைய தொகையைக் காட்டி வாதாட முடியாது. வாடகை உரிமை ரத்தானால் ஆக்கிரமிப்பாளர் என்று நோட்டீஸ் வரும். அத்தனை வருடம் சேர்த்த பணத்தை இதில் போட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும் என்றால் வாடகைக்கு இருங்கள்.

வேறு வீடு பார்க்கும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த வரிசையில் சரிபாருங்கள். முதலில் வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றையும் விற்பவரிடம் வாங்கி, அரசின் இ-சேவைத் தளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டை எடுங்கள். உரிமையாளர் இடத்தில் கோயில், மடம், கட்டளை என்று எந்தப் பெயர் இருந்தாலும் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து பதிவுத்துறைத் தளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். பூஜ்யம் என்று காட்டினால் அந்த எண்ணைப் பதிவுக்குத் தடுத்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்றாவது, 30 வருட வில்லங்கச் சான்று. ஆன்லைனில் கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடலாம். வில்லங்கம் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். பதிவு செய்யாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை, கோயில் வாடகைப் பாக்கி எதுவும் அதில் வராது. பூர்வீக வீடு என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும், கல்யாணமாகிப் போன பெண்பிள்ளைகள் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக, அந்த இடத்துக்கு அருகில் நிலமுள்ள கோயிலின் செயல் அலுவலர் அலுவலகத்தில் அளவை எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

பத்திரம் சுத்தமாக இருந்தாலும் பழைய வீட்டுக்கென்று சில சங்கடங்கள் உண்டு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று நீளும் வீட்டில் கழிப்பறை கடைசியில் இருக்கும். முழங்கால் வலிக்காரருக்கு ராத்திரியில் அது தூரம். இரண்டு பக்கச் சுவரும் பெரும்பாலும் அண்டை வீட்டுக்கும் பொது. இடித்துக் கட்ட அவர் சம்மதம் வேண்டும். உத்தரத்தையும் தூணின் அடியையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையான் உள்ளே போய்விட்டது. சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றித் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குப் பூச்சு உப்பிக்கொண்டு நிற்கும். புது பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், கையை வைத்துத் தட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே பூச வேண்டும். மேலே இன்னொரு கோட்டு சிமென்ட் பூசினால் ஈரம் இன்னும் உயரே ஏறும்.

பழைய வீடு வேண்டாம் என்று ஊருக்கு வெளியே காலி மனை பார்க்கிறோம். எல்லாம் வயலை நிரவிய மனையாக இருக்கிறது.
– மயிலாடுதுறை வாசகர்

டெல்டாவில் வேறு எப்படி இருக்கும்! அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவா என்று முதலில் பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதியில்லாத மனையைப் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. அடுத்து புல வரைபடத்தை வாங்கி, மனையின் குறுக்கே வாய்க்கால் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். தூர்த்துவிட்டாலும் மழைத்தண்ணீர் பழைய வழியில்தான் வரும். மனையைக் கார்த்திகையில் நேரில் போய்ப் பார்த்தால் தரகர் சொல்லாதது எல்லாம் தெரிந்துவிடும்.

களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கொட்டிய மண்ணின்மேல் அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல் விழும். அஸ்திவாரம் பழைய கெட்டி மண் வரை இறங்க வேண்டும். தேவைப்பட்டால் பைல் (ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டியிருக்கும். மண் பரிசோதனை அறிக்கை இல்லாமல் பொறியாளரை வரைபடம் போடச் சொல்லாதீர்கள். ரோடு போடும்போதெல்லாம் உயர்ந்துகொண்டே போகும், அதற்கும் சேர்த்துத் தரைமட்டத்தை ஏற்றுங்கள். போர் தண்ணீரைப் பரிசோதித்து, கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை குடிக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. கடலை நோக்கிப் போகப் போக உவர்ப்பு கூடும்.

மத்திய அரசு வேலை. அடிப்படைச் சம்பளம் 50,000. சென்னைக்கு மாற்றல் கேட்கலாமா, கும்பகோணத்திலேயே இருந்துவிடலாமா? மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு.
– கும்பகோணம் வாசகி

வீட்டு வாடகைப் படி சென்னையில் 30 சதவீதம், கும்பகோணத்தில் 10. உங்களுக்கு 15,000 எதிர் 5,000. போக்குவரத்துப் படி உங்கள் நிலைக்குச் சென்னையில் 3,600, இங்கே 1,800, இந்த இரண்டு போக்குவரத்துப் படிக்கும் அகவிலைப்படி தனி. ஆக மாதம் 12,000-க்குச் சற்று மேல் கூடும். சென்னையில் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும் இரண்டு படுக்கையறை வீட்டின் வாடகையிலிருந்து, இங்கே நீங்கள் கொடுக்கும் வாடகையைக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் இந்த 12,000-ஐத் தாண்டினால் மாற்றல் உங்களுக்கு நஷ்டம். அட்வான்ஸ் என்று பத்து மாத வாடகை கேட்கும் பழக்கம் சென்னையில் இன்னும் இருக்கிறது. 2017-ஆம் வருட வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாதம்தான். அதைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

மாறுவதானால் இந்தக் கோடையிலேயே மாறிவிடுங்கள். இல்லாவிட்டால் மகள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகு. நடு வருடத்தில் வேண்டவே வேண்டாம்.

கும்பகோணம் அமைதியான ஊர் என்கிறார்களே, உண்மையா?
– வேளச்சேரி வாசகர்

சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் உண்மை. சனி, ஞாயிறில் நவக்கிரகச் சுற்றுலா வேன்கள், முகூர்த்த நாளில் திருநாகேஸ்வரம், சுவாமிமலைப் பக்கம் கல்யாணக் கூட்டம், மார்கழியில் விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கி. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருட விதி. தூக்கம் லேசானவர் கோயில் கோபுரத்திலிருந்து நாலைந்து தெரு தள்ளி வீடு பார்ப்பதே மேல்.

இன்னொன்று, அடுத்த மகாமகம் 2028 மாசியில். கடைசியாக நடந்தது 2016 பிப்ரவரியில். அப்போது மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிப் போக்குவரத்து கட்டுப்பாட்டுக்குள் வரும். அந்தப் பக்கம் வாடகைக்குப் போகிறவர்கள், "மகாமகத்துக்கு வீட்டைக் காலி செய்து தர வேண்டும்" என்று உரிமையாளர் பிறகு கேட்காதபடி, இப்போதே ஒப்பந்தக் காலத்தை 2028 சித்திரை வரை எழுதி வாங்குங்கள்.