கரடிப் பெட்டிக்கு வாடகை போதும்

கேள்வி: மகன் அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கிறான். ஆகஸ்டில் அங்கே போகும்போது, ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடற்கரையோரமாக ரியால்டோ பீச்சிலிருந்து ஓசெட் வரை மூன்று இரவு தங்கி நடக்கலாம் என்கிறான். கரடிப் பெட்டி என்று ஒன்று வேண்டுமாம். ஆன்லைனில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. போன வாரம் சேலத்தில் ஒரு கடையில் வாங்கிய டென்ட்டும் முதல் மழையிலேயே தையல் வழியாக ஒழுகுகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: பில்லில் அச்சடித்த அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். பில்லில் சொன்ன காலத்துக்குள், காலமே சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுத்தால் அது முறையற்ற வணிகம் என்கிறது 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நிறம் பிடிக்கவில்லை என்றால் இந்த விதி கைகொடுக்காது. ஒழுகும் டென்ட்டுக்குக் கைகொடுக்கும். மொட்டை மாடியில் டென்ட்டைக் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றி வீடியோ எடுங்கள். கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

அடுத்த டென்ட்டைக் கடையிலேயே விரித்து, உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கோட்டுக்கும் இதே சோதனைதான்.

கரடிப் பெட்டி என்பது விலங்குகளால் திறக்க முடியாதபடி கெட்டி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அவ்வளவுதான். அந்தக் கரையில் இரவு தங்குகிறவர்கள் சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் அதில்தான் வைக்க வேண்டும் என்பது பூங்கா விதி. கரடியைவிட ரக்கூன் என்ற சிறு விலங்குதான் அங்கே பெரிய திருடன். ஏற்காட்டில் குரங்கிடம் சோளத்தைப் பறிகொடுத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று இரவுக்காக இதை விலைக்கு வாங்கி அப்புறம் பரணில் போடுவதா? போர்ட் ஏஞ்சலஸ் ஊரில் பூங்கா அலுவலகத்தில் வாடகைக்குக் கேட்கச் சொல்லுங்கள். அடுப்புக்கான கேஸ் குப்பியையும் அமெரிக்கா போன பிறகே கடையில் வாங்குங்கள். விமானத்தில் எந்தப் பெட்டியில் வைத்தாலும் விடமாட்டார்கள்.

ஷூவை மட்டும் இங்கே, இப்போதே வாங்குங்கள். தூரம் சுமார் 32 கிலோமீட்டர்தான். ஆனால் பாசி வழுக்கும் பாறை, ஒதுங்கிக் கிடக்கும் பெருமரங்கள், கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய மேடு எல்லாம் உண்டு. கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், போடப்போகிற சாக்ஸோடு போய் அளவு பாருங்கள். பையில் பத்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் வரை ஏறி இறங்குங்கள். கொப்புளம் வருவதானால் இங்கேயே வரட்டும்.

தண்ணீருக்கு ஒரு சின்ன ஃபில்டர் போதும். ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். இலைச்சாறு இறங்கிய நிறம், வடிகட்டினாலும் போகாது.

காசே இல்லாமல் கிடைக்கும் ஒன்று கடல் ஏற்ற இறக்க அட்டவணை. சில பாறை முனைகளை நீர் வடிந்த நேரத்தில் மட்டும்தான் சுற்றிக் கடக்க முடியும். அதே கரையில் உள்ள லா புஷ் என்ற இடத்துக்கான அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, எந்த நாள் எங்கே தங்குவது என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரவு தங்கப் பர்மிட்டும் வேண்டும். அதை மகன் முன்கூட்டியே ஆன்லைனில் போடட்டும். விமான டிக்கெட் அதற்குப் பிறகு.