தடைக்காலம் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு ‘என் அப்பா’ என்று வீட்டில் எழுதிவரக் கட்டுரை கொடுத்தேன். பிள்ளைகள் ஏஐயைப் பார்த்து எழுதுகிறார்களா என்று ஒரு இணையதளத்தில் போட்டுச் சோதிக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணின் கட்டுரையை நானே டைப் செய்து போட்டேன். 84 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று வந்தது. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, அழுதாள். மறுநாள் அவள் அம்மா ரஃப் நோட்டோடு வந்து நின்றார். அடித்து அடித்து மூன்று முறை எழுதியிருக்கிறாள். “தடைக்காலத்தில் அப்பா வீட்டிலேயே இருப்பார், அம்மாவுக்கு அது பிடிக்காது” என்று ஒரு வரி. அதைப் படித்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நிர்வாகத்தில் இரண்டு கட்சி. ஏஐயை அடியோடு தடை செய்யணும் என்று ஒன்று, நாமே வகுப்பில் கொண்டுவந்து அட்மிஷன் நோட்டீஸில் போடலாம் என்று இன்னொன்று. நீங்கள் எந்தப் பக்கம்? பெயர் வேண்டாம் சார்.

*

அன்புள்ள மிஸ்,

(எங்கள் ஏரியாவில் டீச்சர் என்றால் மிஸ்தான், எனக்கு நரை விழுந்தும் அது மாறவில்லை.)

முதலில் அந்த 84. இந்த மாதிரித் தளங்களுக்கு யார் எழுதினார்கள் என்று தெரியாது. ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று பெரும்பாலும் கணக்குப் பார்க்கின்றன. எளிதாக ஊகிக்க முடிந்தால் இயந்திரம், முடியாவிட்டால் மனிதர். இப்போது நம் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் விதத்தை யோசித்துப் பாருங்கள். ‘மை ஃபாதர் இஸ் எ ஹார்ட் ஒர்க்கிங் மேன்’ என்று தலைமுறை தலைமுறையாக ஒரே கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதுகிறோம். என் அப்பா வேலை போய் வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருந்த வருஷமும் நான் அதையேதான் எழுதினேன். தெரிந்த நானூறு சொல்லை வைத்துத் தப்பில்லாமல் எழுதப் பாடுபடுகிற பிள்ளையின் ஆங்கிலம் அந்தத் தளத்துக்கு இயந்திரம் மாதிரிதான் தெரியும். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள், சராசரியாகப் பாதிக்கு மேல், 61 சதவீதத்தை, இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் ஏறக்குறைய தப்பே செய்யவில்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐயே ஒரு கண்டுபிடிக்கும் கருவியை 2023 ஜனவரியில் விட்டது. அவர்கள் சோதனையிலேயே இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தப்பாகப் பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டார்கள். செய்தவனாலேயே கண்டுபிடிக்க முடியாததை உங்கள் பள்ளி ஏதோ ஒரு தளத்தை நம்பிக் கண்டுபிடிக்கிறது. நிர்வாகத்திடம் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

தடைக் கட்சிக்கு ஒரு பழைய கதை. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தங்கள் கணினிகளிலும் இணைப்பிலும் தடுத்தன. மே மாதமே விலக்கிக்கொண்டார்கள். பள்ளி வைஃபையில் தடுத்தால் பையன் பஸ்ஸில் பார்க்கப் போகிறான், அவ்வளவுதான். நம்மூரில் அதுவும் வேண்டாம், பள்ளியில் செல்போனே கிடையாது, எல்லாம் நடப்பது வீட்டில்.

வீட்டில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியாததா? ஏஐ வருவதற்கு முன்னால் ‘ப்ராஜெக்ட்’ என்றால் பிரவுசிங் சென்டர்தான். கல்மண்டபம் பக்கத்தில் ஒரு அண்ணன் இருந்தார், “எந்த கிளாஸ், எத்தினி பக்கம்” என்று இரண்டே கேள்வி, கலர் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். மழைநீர் சேகரிப்புக்கு வருஷா வருஷம் அதே வீட்டுப் படம். நாம் அதற்கு மார்க்கும் போட்டோம், நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினோம். வீட்டிலிருந்து வருவது பிள்ளையின் எழுத்து என்கிற நம்பிக்கை அப்போதே பொய்தான். அந்த அண்ணனின் தொழிலைப் போன் பிடுங்கிக்கொண்டது.

அதற்காக நோட்டீஸ் கட்சியில் சேர்ந்துவிடவில்லை. ஸ்மார்ட் போர்டு வாங்கிய பள்ளிகளில் அந்தப் போர்டு மேல் சார்ட் மாட்டியிருப்பதைப் பார்த்தவன் நான். ஆனால் ஒன்று சொல்லணும். வடசென்னையில் நெரிசலான வியாசர்பாடியில் பையன்கள் நடத்தும் இரவுப் பாடசாலைக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். அங்கே ஒருவன், ஒன்பதாவது, அப்பா லோடு ஆட்டோ, வீட்டில் பத்தாவது தாண்டியவர்கள் இல்லை. கண்ணாடி உடைந்த அம்மா போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, “மைனஸும் மைனஸும் பெருக்குனா இன்னாத்துக்கு பிளஸ் ஆவுது” என்று ஏஐயிடம் கேட்டான். அது செய்தி வாசிப்பவர் மாதிரி ஏதோ சொன்னது. “புரியிற மாதிரி சொல்லு” என்றான். நாலாவது தடவையில், மாசம் நூறு ரூபாய் செலவாகிறது என்றால் மூன்று மாசத்துக்கு முன்னால் உன்னிடம் முந்நூறு ரூபாய் அதிகமாக இருந்திருக்கும் இல்லையா என்றது. கொஞ்ச நேரம் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். “நாலு தபா கேட்டும் கோச்சிக்கல சார்” என்றான். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் நான் இரண்டாவது தடவையே கோபித்துக்கொள்கிற ஆள்.

அதே பையன் அடுத்த வாரம் ஏஐ எழுதித் தந்த ‘எங்கள் ஊர்’ கட்டுரையோடு வந்தான். வியாசர்பாடி இயற்கை எழில் கொஞ்சும் அமைதியான பகுதியாம்! படிக்கச் சொன்னேன், இரண்டாவது வரியில் அவனே சிரித்துவிட்டான்.

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்த கணக்கு ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. கேட்டதும் விடை தரும் ஏஐ கிடைத்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள், அதைப் பிடுங்கிவிட்டுப் பரீட்சை வைத்தால் அது இல்லாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் கீழே போனார்கள். விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கிற மாதிரி ஆசிரியர்கள் அமைத்துக் கொடுத்த ஏஐயில் படித்தவர்களுக்கு அந்தச் சரிவு வரவில்லை.

அந்தப் பெண் தன் கட்டுரையில் எழுதிய சொல்லையே நான் எடுத்துக்கொள்கிறேன், தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கிற காலம், அடிமட்டம் வரை வாரிக்கொண்டு வரும் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. ஃபைபர் போட்டில் தூண்டிலோடு போகிறவரை யாரும் தடுப்பதில்லை. காசிமேட்டில் இதைப் புரியாதவர்கள் கிடையாது, கஷ்டம் இருந்தாலும் மீன் வேணுமே. பள்ளியிலும் அப்படித்தான் செய்யணும் என்று தோன்றுகிறது. முழுக் கட்டுரையையும் எழுதித் தருவது இழுவை வலை, அது பிள்ளைகளுக்கு எழுத்து கைவரும்வரை கூடாது. சந்தேகம் கேட்பது தூண்டில். யுனெஸ்கோகூட 2023இல் ஏஐயை வகுப்பில் பயன்படுத்த 13 வயதாவது ஆகணும் என்று சொன்னது. நான் எட்டாவது வரை வேண்டவே வேண்டாம் என்பேன். ஒன்பதிலிருந்து, மிஸ் பக்கத்தில் இருக்கும்போது, கேள்வி கேட்க மட்டும். அது சொல்கிற தப்பைப் பிடிப்பதையே ஒரு பீரியட் வைக்கலாம், வியாசர்பாடியின் இயற்கை எழில் மாதிரி நிறையக் கிடைக்கும்.

கட்டுரையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வகுப்பிலேயே, நாற்பது நிமிஷம், பேனா, பேப்பர். ஐம்பது நோட்டு திருத்துகிற உங்களுக்கு இது கூடுதல் வேலை என்று தெரியும், ஒரு பாடத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், கொடுக்கமாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள்.

அப்புறம் அந்தப் பெண். எல்லார் முன்னாலும் கேட்டீர்கள், அதனால் எல்லார் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொல்லிவிடுங்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் பத்தாது. சொன்ன பிறகு, அவளுக்குச் சம்மதம் என்றால், கட்டுரையின் மீதியை எனக்கு அனுப்புங்கள். அப்பா வீட்டில் இருப்பது அம்மாவுக்கு ஏன் பிடிக்காது என்று தெரியாமல் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.