இரண்டாவது மூக்கு ஆபரேஷனுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 24,000. எட்டு மாதம் முன்பு பெங்களூரில் அழகுக்காக மூக்கு ஆபரேஷன் செய்தேன். நுனி ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கிறது, மூச்சும் அடைக்கிறது. வேறொரு டாக்டர் 2 லட்சம் கேட்கிறார். கையில் 60,000 உண்டு. மீதிக்குக் கடனா, நகையா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மூக்கில் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம் ஆகும், அதனால்தான் மறு ஆபரேஷனுக்குக் குறைந்தது 12 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். இப்போதே அட்வான்ஸ் கட்டச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 1,40,000-ஐ 14 சதவீத வட்டியில் மூன்று வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 4,785 ரூபாய், வட்டி மட்டும் 32,000-ஐத் தாண்டும். நகைக்கடனில் வட்டி குறைவாக இருக்கலாம், ஆனால் மீட்காவிட்டால் ஏலம்.

அப்புறம் அந்த 2 லட்சத்தில் என்னென்ன அடக்கம்? மயக்க மருந்து, அறை வாடகை, காதிலோ விலாவிலோ குருத்தெலும்பு எடுக்க வேண்டி வந்தால் அதற்கான செலவு, எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். அழகுக்கான ஆபரேஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, தனியாகப் போட்டால் இன்னொரு 36,000. ஆபரேஷனுக்குப் பிறகு லீவில் போகிற சம்பளத்தையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை, கணக்கு எழுதுகிறவர்கள்கூட!

முதல் டாக்டரிடமும் பேசிப் பாருங்கள், கோபம் இருக்கும், சரி, ஆனாலும் பேசுங்கள். மறு ஆபரேஷனுக்குத் தன் கட்டணத்தை விட்டுவிட்டு தியேட்டர், மயக்க மருந்து செலவை மட்டும் வாங்கும் டாக்டர்கள் உண்டு. அவரிடமே செய்தாக வேண்டும் என்று இல்லை, ஆனால் அந்தத் தொகை தெரிந்தால்தான் 2 லட்சம் நியாயமா என்று ஒப்பிட முடியும்.

மூச்சு அடைப்பை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். மெடிக்கல் இன்சூரன்ஸ் அழகு சிகிச்சைக்குத் தராது. மூக்கின் உள்ளே நடுவில் இருக்கும் தடுப்புச் சுவர் வளைந்திருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பகுதிக்காவது கிடைக்குமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். முந்தைய ஆபரேஷனை மறைக்காதீர்கள், கிளெய்மையே நிராகரித்துவிடுவார்கள்.

மாதம் 8,000 ஆர்டியில் போட்டால் ஒரு வருஷத்தில் 96,000, கையிருப்போடு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். பழைய பில், ஒப்புதல் படிவம், போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். மூக்கு பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் கேஸ் நிற்காது. கவனக்குறைவு என்று இன்னொரு டாக்டர் சொன்னால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம்தான் கெடு.