ஏனுங்க, இதுக்கும் ஒரு விதி இருக்குதுங்களா?

(திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்கு பதில் சொல்கிறார்.)

கேள்வி: கிணற்று மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டினால், எங்கள் ஒயர்மேன் முதல் தடவை தலைகீழாகத்தான் சுற்ற வைக்கிறார். "அது மர்ஃபி விதிப்பா" என்று சிரிக்கிறான் மகன். யாருங்க அந்த மர்ஃபி?
— விவசாயி, கிணத்துக்கடவு

பதில்: எட்வர்ட் மர்ஃபி அமெரிக்க விமானப்படையில் கேப்டனுங்க, எஞ்சினியர். 1949இல் கலிபோர்னியா பாலைவனத்தில் தண்டவாளத்தின் மேல் ராக்கெட் வண்டியை ஓடவிட்டு, சட்டென்று நிறுத்தி, மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஜான் ஸ்டாப் என்ற டாக்டர் தானே அந்த வண்டியில் ஏறி உட்காருவார். (அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ!) அந்தச் சோதனைக்கு மர்ஃபி அளவுக்கருவிகள் கொண்டுவந்தார். வண்டி ஓடி நின்றது, கருவி காட்டியது பூஜ்யம். பார்த்தால் அத்தனையும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. தப்பாகச் செய்ய ஒரு வழி இருந்தால் அதைச் செய்தே தீருவார்கள் என்று கடுப்பில் சொன்னாராம். சரியாக என்ன வார்த்தை சொன்னார் என்பதில் அங்கே இருந்தவர்களுக்குள்ளேயே தகராறு.

இப்போது உங்கள் ஒயர்மேனுக்கு வருவோம். த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று ஒயரை ஆறு விதமாக மாட்டலாம். மூன்றில் நேராகச் சுற்றும், மூன்றில் தலைகீழாகச் சுற்றும். ஆக, கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் பாதி தடவை சரியாக வரும். அந்தப் பாதி நாட்களில் தண்ணீர் ஊற்றியதும் நீங்கள் வாய்க்காலைப் பார்க்கப் போயிருப்பீர்கள், ஒயர்மேன் உங்கள் நினைவிலேயே இருக்க மாட்டார்.

மர்ஃபி சொன்னதைச் சாபம் மாதிரி எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். அந்த ராக்கெட் வண்டிக்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தப்பாக மாட்டவே முடியாதபடி செய்யப் பார்த்தார்கள். செல்போன் சிம் கார்டில் ஒரு மூலையை வெட்டிவிட்டிருப்பது எதற்கு? த்ரீ பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் தடிமனாக வைத்திருப்பது எதற்கு? எங்கள் கம்பெனியில் எம் சைஸ் பீஸில் எல் லேபிளைத் தைத்துவிடுவார்கள். செக்கிங் டேபிளில் அதைக் கண்டுபிடித்து, டெய்லரைக் கூப்பிட்டுத் திட்டி, பிரித்துத் தைத்து அனுப்புவோம். அடுத்த வாரமும் அதேதான். கடைசியில் கட்டிங்கிலேயே பண்டிலுக்கு எத்தனை பீஸோ அத்தனை லேபிளை எண்ணி, அதோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கச் சொன்னோம். லேபிள் மிஞ்சினாலோ குறைந்தாலோ அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். திட்டிக் குறையாதது அதில்தான் குறைந்தது.

மோட்டாரைக் கழற்றும்போதே ஒயருக்கு மூன்று கலரில் டேப் சுற்றிவிடுங்கள். ரீவைண்டிங் கடைக்காரரிடமும் அதே அடையாளத்தோடு திருப்பித் தரச் சொல்லுங்கள். அவர் முனகுவார், விடாதீங்க.

கேள்வி: காந்திபுரம் போக நிற்கும்போது எதிர்ப்பக்கம் மட்டும் வரிசையாக பஸ் வருகிறதே, ஏன்?
— கல்லூரி மாணவி, சிங்காநல்லூர்

பதில்: உங்கள் பஸ் ஒன்று வந்ததும் ஏறிப் போய்விடுகிறீர்கள் அம்மிணி. எதிர்ப்பக்கத்து பஸ்ஸை மட்டும்தான் நின்று எண்ணுகிறீர்கள்.

ஆனால் காத்திருப்பு நீளமாகத் தெரிவது பிரமை இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக ஐந்து நிமிடம்தானே நிற்க வேண்டும்? பஸ்கள் ஜோடி போட்டுக்கொண்டு, இரண்டு நிமிடம், பதினெட்டு நிமிடம் என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி இடைவெளி அதே பத்துதான். நீங்கள் எப்போது வந்து நின்றாலும், பத்துக்கு ஒன்பது தடவை அந்தப் பதினெட்டுக்குள்தான் மாட்டுவீர்கள். கணக்குப் போட்டால் சராசரியாக 8.2 நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். டைம் கீப்பர் ஆபீஸில் போய்க் கேட்டால் "பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் உட்டுட்டுத்தான் இருக்கறோம்" என்பார். அவர் சொல்வதும் உண்மை.

கேள்வி: வெண்ணெய் தடவிய ரொட்டி வெண்ணெய்ப் பக்கமாகவே விழுமாமே?
— பேக்கரி மாஸ்டர், பெருந்துறை

பதில்: பெரும்பாலும் அப்படித்தான். ராபர்ட் மாத்யூஸ் என்பவர் 1995இல் இதற்கு ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதி, மறு வருடம் சிரிப்பு நோபல் எனப்படும் இக் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். பழி வெண்ணெய் மேல் இல்லை. மேசை உயரத்திலிருந்து சரிந்தால் அரைச் சுற்று சுற்றத்தான் நேரம் இருக்கிறது. எங்கள் அப்பாரு திண்ணையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டவர், அவர் கையிலிருந்து விழுந்தது எதுவும் சுற்றி நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஆர்டருக்கு அறுபது நாள் டைம் கொடுத்தாலும் கடைசிப் பத்து நாளில்தான் ராப்பகலாக ஓடுகிறோம். இது பார்கின்சன் விதி என்கிறார் எங்கள் முதலாளி. சரிதானா?
— மெர்ச்சண்டைசர், அனுப்பர்பாளையம்

பதில்: உங்கள் முதலாளிக்கு வசதியான விதியைப் பிடித்துக்கொண்டார். பார்கின்சன் இங்கிலாந்துக்காரர், சரித்திரப் பேராசிரியர். கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை பெருகும் என்று 1955இல் எகனாமிஸ்ட் பத்திரிகையில் எழுதினார். ஆனால் அந்தக் கட்டுரையின் உண்மையான குறி ஆபீஸில் ஆள் பெருகுவது. பிரிட்டிஷ் கடற்படையில் 1914இல் 62 பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. 1928இல் 20தான். அதே காலத்தில் தலைமையகத்து அதிகாரிகளோ 2,000இலிருந்து 3,569 ஆகிவிட்டார்கள்.

உங்கள் அறுபது நாளில் லேப் டிப் (சாயம் போட்ட துணித்துண்டு மாதிரி) அப்ரூவலுக்கு எத்தனை நாள், சாம்பிளை பையர் பார்த்து 'ஓகே' சொல்ல எத்தனை நாள், டையிங்கில் (சாயப்பட்டறையில்) ஷேடு மாறி மறுபடி போட எத்தனை நாள் என்று ஒரு பேப்பரில் எழுதி அவர் மேசையில் வையுங்கள். வேலை பெருகவில்லை, காத்துக் கிடந்திருக்கிறது. டையிங்கிலிருந்து "வண்டி கிளம்பிருச்சுங்க" என்று சொன்னால் துணி இன்னும் மெஷினுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். "ஏத்திட்டு இருக்கறோமுங்க" என்றால் மெஷினுக்குள் போகவே இல்லை. இந்த விதிக்கு யார் பெயரும் இல்லை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அது பொய்த்ததும் இல்லை.

கேள்வி: நல்ல டெய்லரை சூப்பர்வைசர் ஆக்கினேன். இப்போது இரண்டும் இல்லை.
— காண்டிராக்டர், அவிநாசி

பதில்: 1969இல் லாரன்ஸ் பீட்டர் இதையேதான் எழுதினார்: திறமை தீரும் நாற்காலி வரைக்கும் ஒவ்வொருவரையும் ஏற்றிக்கொண்டே போவார்கள் என்று. கூலியைக் குறைக்காமல் அவரைத் திரும்ப மெஷினில் உட்கார வையுங்கள், சந்தோஷப்படுவார்.

கேள்வி: "சித்திரைக்குள்ள முடிச்சுக் குடுத்தர்றேனுங்க" என்கிறார் மேஸ்திரி. வைகாசியில் பால் காய்ச்ச நாள் குறிக்கலாமா?
— இல்லத்தரசி, கோபிசெட்டிபாளையம்

பதில்: எந்த வேலையும் நினைத்ததைவிட அதிக நாள் இழுக்கும், அப்படி இழுக்கும் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டாலும் இழுக்கும் என்று டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979இல் எழுதினார். நீங்கள் வைகாசி என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டீர்கள் அல்லவா, அதைத்தான் சொல்கிறார்.

ஆவணி என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, மேஸ்திரியிடம் மட்டும் சித்திரை என்றே பேசுங்கள். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பாத்ரூமுக்குக் கதவு மாட்டிய பிறகு பத்திரிகை அடித்தால் போதும்.