கிராங்க் மாத்துன சூப்பர்சார்ஜர் பென்ஸ்: கேட்டதுக்கெல்லாம் பதில்

ரெண்டு எஞ்சின் சாமான வெச்சு ஒரு சூப்பர்சார்ஜர் பென்ஸ் கட்டிட்டு இருக்கேன்னு வாய் தவறி சொன்னதுல இருந்து ஆளாளுக்கு கேள்வி, போன்ல சொல்லி சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன்.

தெரியாதவங்களுக்கு முன்கதை. வண்டி டபிள்யூ203 சி200 கம்ப்ரஸர், 2001 மாடல், பென்ஸ்ல கம்ப்ரஸர்னா சூப்பர்சார்ஜர் வெச்சதுன்னு அர்த்தம். எஞ்சின் எம்111, 1998 சிசி, இரும்பு பிளாக், அலுமினியம் ஹெட், ஈட்டன் கம்பெனி ரூட்ஸ் டைப் சூப்பர்சார்ஜர், அதாவது பெல்ட்ல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்த திணிக்கற சாமான். ஹோஸ் வெடிச்சு கூலன்ட் போனது தெரியாம ஓனர் ஓட்டிட்டே வந்துட்டாரு, பேரிங் ஒட்டி கிராங்க் (பிஸ்டன் ஏறி இறங்கறத சுத்தா மாத்தற தண்டு) பேரிங்ல உக்கார்ற இடம், ஜர்னல்னு சொல்லுவோம், நீலம் பாஞ்சு போச்சு. சங்ககிரி பக்கம் காயலாங்கடைல டபிள்யூ124 இ220 எஞ்சின் ஒண்ணு கிடந்துச்சு, அதுவும் எம்111தான், ஆனா 2199 சிசி, சூப்பர்சார்ஜர் கிடையாது. அதோட கிராங்க எடுத்து இதுல இறக்கினோம். பட்டறை கொண்டலாம்பட்டி பக்கம். நான் லாரி எஞ்சின் பிரிச்சு வளந்த ஆளு, கார் பின்னாடி வந்த கிறுக்கு.

அம்மாபேட்டை தம்பி: ரெண்டும் ஒரே குடும்பம்னா கிராங்க் நேரா உக்காந்துடுமேண்ணா, இதுல என்ன கஷ்டம்?

உக்காரும் தம்பி, ஆபத்தே அதுதான். பேரிங் மூடி டைட் பண்ணி கையில சுத்தி பாத்தா வெண்ணெய் மாதிரி சுத்தும், எல்லாரும் டீ குடிக்க கிளம்பிடுவாங்க. ரெண்டுக்கும் போர், அதாவது சிலிண்டர் அகலம் ஒண்ணு, 89.9 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்தான் வேற, 2 லிட்டருக்கு 78.7, இ220க்கு 86.6. வித்தியாசம் 7.9, மேல் பக்கம் அதுல பாதி, 3.95 மி.மீ. பழைய ராடு (கிராங்கையும் பிஸ்டனையும் சேக்கற கம்பி) பழைய பிஸ்டன் அப்படியே போட்டா பிஸ்டன் அவ்வளவு தூரம் கூடுதலா ஏறும், ஹெட் மாட்டி ஒரு சுத்து சுத்துனா டங்குனு நிக்கும். அந்த 3.95ஐ எங்கயாவது முழுங்கியாகணும். ஒண்ணு குட்டை ராடு, இல்லன்னா பின் ஓட்டை மேல தள்ளி வெச்ச பிஸ்டன்.

இ220 பிஸ்டனே கூட இருந்துச்சே அத போட வேண்டியதுதானேன்னு அடுத்து கேப்பீங்க. அது தானா காத்து உறிஞ்சற எஞ்சினுக்கு செஞ்சது, கம்ப்ரஷன், அதாவது காத்த எத்தனை மடங்கு அமுக்குதுங்கற கணக்கு, தூக்கலா நிக்கும், மேல சூப்பர்சார்ஜர் அழுத்தம், அதான் பூஸ்ட், வேற அடிச்சா பெட்ரோல் கண்டபடி வெடிக்கற நாக்கிங்ல பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும். அதனால ஃபோர்ஜ்ட், அதாவது அடிச்சு இறுக்கி செய்யற பிஸ்டன் அளவு குடுத்து செய்ய சொன்னோம். வந்து சேர ரெண்டரை மாசம், ஓனர் தினம் ஒரு போன்.

டிப்ளமோ படிக்கிற தம்பி: கம்ப்ரஷன் ரேஷியோ ஆன்லைன் கால்குலேட்டர்ல போட்டீங்களா?

கால்குலேட்டர் கணக்கு போடும், உன் ஹெட்டுக்குள்ள எத்தனை சிசி இடம் இருக்குன்னு அதுக்கு எப்படி தெரியும்? ஹெட்ட கவுத்து லெவல் பாத்து வெச்சு, வால்வு பிளக் எல்லாம் மாட்டி, அக்ரிலிக் ஷீட்ல ரெண்டு ஓட்டை போட்டு ஓரத்துல கிரீஸ் தடவி ஒட்டணும். மெடிக்கல்ல 20 மில்லி சிரிஞ்ச் வாங்கி, மண்ணெண்ணெய்ல ரெண்டு சொட்டு டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்தற 2டி ஆயில் விட்டா கலர் வந்துடும், ஷீட்டுக்கு அடியில காத்து குமிழி ஒளிஞ்சிருந்தா கண்ணுக்கு தெரியும். ஒரு ஓட்டைல மெதுவா ஏத்து, இன்னொரு ஓட்டை வழியா காத்து போயிடும். நாலு சேம்பரும் தனித்தனியா அளக்கணும், எங்க ஹெட்ல மூணாவது மட்டும் ஒண்ணரை சிசி ஜாஸ்தியா இருந்துச்சு, யாரோ எப்பவோ வால்வு சீட்ல கை வெச்சிருக்காங்க. அப்புறம் கேஸ்கெட் தடிமன், பிஸ்டன் தலைல இருக்கற குழி, பிஸ்டன் பிளாக் மட்டத்துக்கு எவ்வளவு கீழ நிக்குது, எல்லாம் சேத்துதான் மொத்த இடம்.

ஏன் இவ்வளவு பாடுன்னா, சும்மா ஒரு கணக்கு போடு. 2 லிட்டர்ல ஒரு சிலிண்டர் 499.6 சிசி. 8.5 கம்ப்ரஷன்னு வெச்சுக்கிட்டா மேல மிச்ச இடம் 66.6 சிசி. அதே இடத்த விட்டுட்டு ஸ்ட்ரோக்க மட்டும் ஏத்துனா சிலிண்டர் 549.7 சிசி ஆயிடுது, கம்ப்ரஷன் 9.25. நீ ஹெட்ட தொடவே இல்ல, முக்கால் பாயின்ட் ஏறி உக்காந்துருச்சு. பூஸ்ட் எஞ்சின்ல முக்கால் பாயின்ட் சின்ன விஷயம் இல்ல தம்பி.

சூரமங்கலத்துல இருந்து: நானும் இதே மாதிரி சிசி ஏத்துனேன், பூஸ்ட் மீட்டர் முன்ன 0.5 பார் காட்டுனது இப்ப 0.36தான் வருது. சூப்பர்சார்ஜர் போயிடுச்சா?

இல்லீங்க, அத கழட்டி செலவு பண்ணிடாதீங்க! ரூட்ஸ் டைப்ங்கறது பக்கெட்ல தண்ணி அள்ளி ஊத்தற மாதிரி, ஒரு சுத்துக்கு இவ்வளவுன்னு அள்ளி தள்ளும், அவ்வளவுதான் தெரியும் அதுக்கு. ஈட்டன்ல எம்45ன்னா ஒரு சுத்துக்கு 45 கன அங்குலம், நம்ம கணக்குல முக்கால் லிட்டருக்கு கொஞ்சம் கம்மி. எம்62ன்னா ஒரு லிட்டர். பெல்ட் புல்லி மாத்தலன்னா அள்ளற அளவு மாறல, ஆனா எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் முழு சிசியும் குடிக்கும், முன்ன ஒரு சுத்துக்கு 999 சிசி குடிச்சது இப்ப 1100 குடிக்குது. பானை பெருசாச்சு, ஊத்தற தண்ணி அதேதான், மட்டம் இறங்கத்தான் செய்யும். வெளிக்காத்து 1 பார், பூஸ்ட் 0.5, சேத்தா 1.5, அத 999ஆல பெருக்கி 1100ஆல வகுத்து பாருங்க, 1.36, அதுல வெளிக்காத்து 1 போனா 0.36. உங்க மீட்டர் பொய் சொல்லல.

பழைய பூஸ்ட் வேணும்னா சூப்பர்சார்ஜர் புல்லி ஒம்பது சதவீதம் சின்னதாகணும், அப்ப ரோட்டார் வேகம் பத்து சதவீதம் ஏறும், சூடும் ஏறும். நான் மாத்தல. பூஸ்ட் கம்மியானதுல காத்து சூடு குறைஞ்சது எனக்கு லாபம்தான்.

பெரிய கொல்லப்பட்டிங்க: ரிங் உடைஞ்சு ஒரு தடவ மறுபடி பிரிச்சீங்களாமே, நெசமா?

நெசம்தாங்க, மறைக்க என்ன இருக்கு, என் தப்பு. பிஸ்டன் ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல விடற இடைவெளிய, ரிங் பாக்கெட்ல போட்டிருந்தத பாத்து 0.36 மி.மீ. வெச்சு மாட்டிட்டேன். சாதா எஞ்சினுக்கு அது சரி, போர் ஒரு அங்குலத்துக்கு நாலு தவுன்னு பழைய கணக்கு இருக்குல்ல, அதேதான், தவுன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. பூஸ்ட் எஞ்சின்ல மேல் ரிங் ரொம்ப சூடாகும், அஞ்சு ஆறு தவு குடுக்கணும், அதாவது 89.9 போருக்கு 0.45ல இருந்து 0.54. வண்டிய பிளாட்பெட் லாரில ஏத்தி ஏற்காடு கொண்டு போனோம், இருபது கொண்டை ஊசி வளைவுலயும் லாரிக்காரர் என்ன திட்டிக்கிட்டே வந்தாரு, தெரிஞ்சவர் காப்பி எஸ்டேட்டுக்குள்ள ஒரு செங்குத்தான தனி ரோடு இருக்கு, அங்க ஏத்தி பாத்தோம். மூணாவது ஏத்தத்துல புகை. பிரிச்சா ரெண்டாவது சிலிண்டர்ல ரிங் முனை ரெண்டும் முட்டி, பளபளன்னு கண்ணாடி மாதிரி தேஞ்சிருக்கு, போக இடம் இல்லாம, பிஸ்டன்ல ரிங் காடிகளுக்கு நடுவுல இருக்கற வரப்பையே பேத்துடுச்சு. அந்த பளபளப்ப பாத்தா போதும், வேற விசாரணையே வேண்டாம். இப்ப 0.50 வெச்சிருக்கேன். ரிங் அராவறப்ப ஒரு முனைய மட்டும், வெளிய இருந்து உள் பக்கமா அராவுங்க, அதே சிலிண்டர்ல விட்டு பிஸ்டனால நேரா தள்ளி ஃபீலர் கேஜ்ல பாத்து பாத்து.

திருச்செங்கோடு போர்வெல் ரிக் ஓனர்: எங்கிட்ட பழைய ரிக் கம்ப்ரஸர் சும்மா கிடக்குதுங்க, அத காருக்கு வெக்க முடியாதா?

அண்ணே, அது பாறைய உடைக்கற காத்து, இது பெட்ரோல் எரிக்கற காத்து. அந்த கம்ப்ரஸர ஓட்டவே ஒரு லாரி எஞ்சின் வேணும், காருக்கு மிச்சம் என்ன இருக்கும்? ஆனா நீங்க கேட்டது அவ்வளவு சிரிக்கற கேள்வியும் இல்ல. ரூட்ஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 1860ல பேடன்ட் வாங்கினப்ப கார்னு ஒண்ணே கிடையாது, அது உலைக்கும் சுரங்கத்துக்கும் காத்து தள்ளறதுக்கு போனது. அமெரிக்காவுல ரேஸ் பசங்க ரொம்ப நாள் போட்டதே 6-71ன்னு லாரி, பஸ் டீசல் எஞ்சின்ல இருந்து கழட்டுன புளோயர்தான்.

மாருதி 800 வெச்சிருக்கற தம்பி: என் வண்டிக்கு எது பொருந்தும்?

ஐசின் ஏஎம்ஆர்500 கிடைச்சா பாரு, ஒரு சுத்துக்கு 500 சிசி. உன் எஞ்சின் 796, ஒரு சுத்துக்கு குடிக்கறது 398. ஒண்ணுக்கு ஒண்ணு புல்லி போட்டாலே கணக்குப்படி கால் பார் வந்துடும், கசிவு போக கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல ஆசைப்படாத. இன்ஜெக்டர், ட்யூனிங் பண்ணாம காத்த மட்டும் ஏத்துனா பெட்ரோல் பத்தாம ஓடி பிஸ்டன் உருகும்.

ஏற்காடு எஸ்டேட்காரர்: என்கிட்ட ஒரிஜினல் சி200 கம்ப்ரஸர் இருக்கு. சேலத்துல நல்லா போகுது, மேல வந்தா மந்தமா தெரியுது. சூப்பர்சார்ஜர் இருந்தா மலைல பிரச்சனை இல்லன்னாங்களே சார்?

பாதி உண்மை சார். சேலம் 280 மீட்டர் உயரம், உங்க வீடு 1500 மீட்டர் பக்கம், மேல காத்தழுத்தம் 0.85 பார்தான். ரூட்ஸ் 1.5 மடங்கு பண்ணும்னா கீழயும் மேலயும் அதே 1.5 மடங்குதான், ஆனா எதோட மடங்கு? மேல 0.85ஓட மடங்கு, 1.27 வருது. சாதா எஞ்சின் இழக்கற அதே விகிதத்த நீங்களும் இழக்கறீங்க, கையிருப்பு அதிகமா இருக்கறதால வலிக்கல. சைலன்சர் புகைல சுத்தற டர்போன்னா கொஞ்சம் வேகமா சுத்தி ஈடு கட்டும், பெல்ட்ல ஓடறதுக்கு அந்த வசதி இல்ல.

அதவிட சூடு பெரிய விஷயம். சித்திரை வெயில்ல அடிவாரத்துல 38 டிகிரி காத்த 1.5 மடங்கு அமுக்குனா சூப்பர்சார்ஜர விட்டு வெளிய வர்றப்ப 100 டிகிரி தொடும். இன்டர்கூலர், அதாவது அந்த காத்த ஆத்தற ரேடியேட்டர், அத இறக்கணும், ஆனா வளைவுல ரெண்டாவது கியர்ல இருபது கிலோமீட்டர் வேகத்துல எங்கிருந்து காத்து வரும்? சூடு ஏறுனதும் கம்ப்யூட்டர் தானா இக்னிஷன பின்னால இழுத்துக்கும், அதாவது ஸ்பார்க்க தாமதமா அடிக்கும், அந்த மந்தம்தான் உங்களுக்கு தெரியுது. இன்டர்கூலர் முன்னாடி பூச்சி, இலை அடைச்சிருக்கான்னு பாருங்க முதல்ல.

செவ்வாப்பேட்டை அண்ணன்: ஐடில்ல முன்னாடி கடகடன்னு சத்தம். பேரிங்கா?

புல்லிக்கும் ரோட்டாருக்கும் நடுவுல இருக்கற கப்ளர் தேஞ்சிருக்கும்ணா, லேசா ஆக்சிலேட்டர் குடுத்தா சத்தம் நிக்குதான்னு பாருங்க, நின்னா அதேதான். பிரிக்கறப்ப சூப்பர்சார்ஜர் ஆயிலும் மாத்திடுங்க, எஞ்சின் ஆயில் அதுக்கு போகாது, கியர் பக்கம் தனியா கொஞ்சூண்டு இருக்கும். எஞ்சின் ஆயில் ஊத்திடாதீங்க.

ஓமலூர்: ஆர்டிஓ பிரச்சனை வராதா?

வரும். பிளாக் மாறாததால எஞ்சின் நம்பர் அதேதான், ஆனா ஆர்சில 1998 சிசின்னு இருக்கு, உள்ள 2199 ஓடுது. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் போடலாம். இன்சூரன்ஸ்காரன் வேற கைய விரிச்சுடுவான். அதனாலதான் பிளாட்பெட்ல ஏத்தி இறக்கி அலையறேன், இது பொது ரோட்டுக்கு கட்டுனது இல்ல, ஓனர் கோயமுத்தூர் கரி டிராக்ல ஓட்டறதுக்கு. ரோட்ல ஓட்டணும்னா ஒரிஜினல் கிராங்கே தேடி போடுங்க.

நிறைய பேர்: ஒரு ரவுண்டு ஓட்டி பாக்கலாமா?

புது ரிங் இன்னும் படியலீங்க. பட்டறை காம்பவுண்டுக்குள்ள பின்னாடி சீட்ல வேணா உக்காருங்க, ஸ்டியரிங் ஓனருக்கே இன்னும் குடுக்கல.